விஜேபால வீட்டின் ஒரே நிதானம்

விஜேபால எழுந்து நின்றால் அவனுடைய மகள் விழுந்துவிடுவாள். அவன் படுத்தால் அவள் நடப்பாள். தெல்கஹமுல்லையில் பல வருஷம் இப்படித்தான் இருந்தது. ரயில் கடவை மூடும் நேரத்தைப் போல இதுவும் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. காலி நகருக்குப் போகும் வீதிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள தென்னந்தோப்புகளில் கள் இறக்குகிறவர்களில் அவன் ஒருவன். அந்தப் பக்கத்துச் சீவல்காரர்கள் ஒரு மரத்தில்தான் ஏறுவார்கள். பிறகு மரத்துக்கு மரம் கட்டிய இரட்டைத் தும்புக்கயிற்றில், கீழ்க்கயிற்றை மிதித்து மேல்கயிற்றைப் பிடித்து, ஆகாயத்திலேயே நடந்து நாற்பது ஐம்பது மரத்தை முடித்துவிட்டுக் கடைசி மரத்தில் இறங்குவார்கள். மற்றவர்கள் மேல்கயிற்றை இறுகப் பிடித்தார்கள். விஜேபால அதை இரண்டு விரலால் தொட்டுக்கொண்டு போவான். இடுப்பில் கள் நிறைந்த முட்டி தொங்கும், வாயில் வெற்றிலை இருக்கும், ஒரு சொட்டும் கீழே சிந்தாது.

மகள் இமேஷாவுக்குப் பதினாலு மாதத்தில் மூளைக்காய்ச்சல் வந்தது. அப்போது அவள் பத்தடி நடக்கப் பழகியிருந்தாள். இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பி வந்தபோது, தகரத்தில் கல்லெறிந்தாலும் திரும்பிப் பார்க்கவில்லை. நடையும் போயிருந்தது. தலை நிற்கவில்லை. உட்கார வைத்தால் நனைந்த சாக்கு போல ஒரு பக்கமாகச் சரிந்தாள். கொழும்பில் ஒரு டாக்டர் அவளைச் சுழல்நாற்காலியில் வைத்துச் சுற்றிவிட்டு, கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாய் குசுமலதாவிடம் சொன்னார்: "காதுக்கு ரெண்டு வேலை அம்மா. ஒண்டு கேக்கிறது. மற்றது, மேசன்மார் வைச்சிருக்கிற ரசமட்டம் மாதிரி, உடம்பு நேரா நிக்குதா சரியுதா எண்டு சொல்லுறது. காய்ச்சல் ரெண்டையும் கொண்டு போட்டுது. கேக்கிறது இனி வராது. நடை வரும், சுணங்கித்தான் வரும். கண்ணாலையும் உள்ளங்காலாலையும் பழகுவாள். தூக்கிக்கொண்டு திரியாதேங்கோ. விழ விடுங்கோ." இந்தக் காய்ச்சலில் செவிடான பிள்ளைகள் பலர் இப்படித்தான் என்றும் சொன்னார். குசுமலதா பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தக் கடைசி இரண்டு சொல்லையே நினைத்துக்கொண்டு வந்தாள். விழ விடுவதற்குப் பிள்ளை முதலில் எழுந்து நிற்க வேண்டுமே.

மூன்று வயது வரை அவள் நிற்கவில்லை. அந்த வருஷம் விஜேபாலவுக்கு டெங்கு வந்தது. முதல்நாள் காலை அவன் பாயில் கிடந்து முனகிக்கொண்டிருந்தபோது பிள்ளை எழுந்தாள். எதையும் பிடிக்காமல் நடுவீட்டுக்கு நடந்து போனாள், வாசலுக்கு நடந்து போனாள், கோழியைத் துரத்தினாள். குசுமலதா கையிலிருந்த தேங்காய்த்துருவலோடு அப்படியே நின்றாள். நாலாம் நாள் காய்ச்சல் விட்டு விஜேபால கக்கூசுக்குப் போக எழுந்தான். பிள்ளை முற்றத்தின் நடுவில், கயிறு அறுந்த வாளியைப் போல விழுந்தாள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவள் குசுமலதாதான். அவனைத் திரும்பப் படுக்கச் சொன்னாள். பிள்ளை எழுந்தாள். எழும்பச் சொன்னாள். பிள்ளை விழுந்தாள்.

"படுங்கோ."

"இப்பதானே எழும்பச் சொன்னாய்?"

"இன்னொருக்காப் படுங்கோ எண்டுறன்."

"என்னை என்ன, லைட் சுவிச் எண்டு நினைச்சியா?" என்று கேட்டுக்கொண்டே அவன் படுத்தான். பிள்ளை எழுந்து அவன் நெஞ்சில் ஏறி மறுபக்கம் இறங்கிப் போனாள்.

அந்த வீட்டுக்கு ஒரே ஒரு நிதானம்தான் கொடுக்கப்பட்டிருந்தது. குசுமலதா தன்னுடையதைத் தனியாக வைத்திருந்தாள். அதில் யாருக்கும் பங்கில்லை. தகப்பனுக்கும் மகளுக்கும்தான் ஒன்று. அதை முதலில் எழுந்தவர் எடுத்துக்கொண்டார், அல்லது பலமாக இழுத்தவர். கூடக் கயிறு நடக்கும் மெண்டிஸ் இதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. "மச்சான், வீட்டில ஒரு சோடி செருப்புத்தான் இருக்கு. நீ போட்டா அவள் வெறுங்கால். வேற ஒண்டுமில்லை," என்றான். விகாரையில் நூல் கட்டினார்கள், காலில் எண்ணெய் தேய்த்தார்கள். இன்னொரு சோடி செருப்பு எங்கிருந்தும் வரவில்லை. டாக்டரிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். சொன்னால் தகப்பனையும் வார்ட்டில் போட்டுவிடுவார் என்று பயம்.

அவள் நடக்க ஆசைப்படும் பிள்ளை. அதுதான் சிக்கல். ஐந்து வயதில் ஒருநாள் காலை, தாய் கிணற்றடியில் இருந்தபோது, யன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கி, பல்லைக் கடித்து எழுந்து நின்று, பிறகு கையை விட்டாள். அதே நேரம் தோப்பில், பதினேழாம் மரத்துக்கும் பதினெட்டாம் மரத்துக்கும் நடுவில் விஜேபாலவின் கால் கயிற்றைவிட்டுப் போனது. கயிறு எந்தப் பக்கம், கடல் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை என்று பின்னால் சொன்னான். ஒரு கையில் தொங்கினான். இடுப்பிலிருந்த கள்முட்டிகள் மூன்றும் விழுந்து உடைந்தன. மெண்டிஸ் கயிற்றில் ஓடிவந்து அவன் இடுப்புப்பட்டியைப் பிடித்தான். வீட்டில் பிள்ளை, தகப்பன் வேலையில் இருக்கும் நேரத்தில் முதல்முறையாக, யாரும் பிடிக்காமல், வாசல்நிலைக்கும் அடுப்புக்கும் நடுவே மூன்று தரம் போய்வந்தாள். குசுமலதா தண்ணீர்க்குடத்தோடு உள்ளே வந்து அதைப் பார்த்தாள். குடத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய் மகளைத் தள்ளி விழுத்தினாள்.

அன்றைக்குப் பிறகு காலை ஐந்து மணியிலிருந்து பதினொரு மணி வரை பிள்ளை கட்டிலில் கிடக்க வேண்டும் என்று ஆயிற்று. சொன்னால் கேட்கும் காதில்லை; சொல்வதற்குக் கைப்பாஷையும் அந்த வீட்டில் இல்லை. குசுமலதா தன்னுடைய பழைய சேலையைக் கிழித்து மகளின் இடுப்பைச் சுற்றிக் கட்டிலோடு கட்டினாள். முடிச்சை அடியில் போட்டாள், கை எட்டாமல். பிள்ளை முதல் மாதம் கத்தினாள். தன் சத்தம் தனக்கே கேட்காததால் எவ்வளவு கத்துகிறோம் என்று தெரியாமல் கத்தினாள். வீதியில் சைக்கிளில் போனவர்கள் இறங்கி நின்றார்கள். இரண்டாம் மாதம் கத்தவில்லை. கூரையின் ஓடுகளைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். குசுமலதா பக்கத்தில் இருந்து தும்பு திரித்தாள். அவளும் பதினொரு மணி வரை அந்த அறையைவிட்டு வெளியே போகவில்லை. மகளைக் கட்டிவிட்டுத் தான் மட்டும் நடமாட அவளுக்கு மனம் ஒப்பவில்லை.

பதினொரு மணிக்கு மேல் முறை மாறும். விஜேபால கடைசி மரத்திலிருந்து இறங்கி, கள்ளைப் பீப்பாயில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, நேரே வீட்டுக்கு வந்து பாயில் விழுவான். அவன் தலை பாயில் படும்போது பிள்ளை வாசலைத் தாண்டியிருப்பாள். பொழுது சாயும் வரை அவன் அங்கேதான். சிநேகிதர்கள் கள்ளுக் குடிக்கத் தவறணைக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்து, "ராசா பள்ளி கொண்டிருக்கிறார், சத்தம் போடாதேங்கோ," என்பார்கள். அவன் படுத்தபடியே சோறு தின்னப் பழகினான், படுத்தபடியே முகம் வழித்தான். தங்கச்சியின் கல்யாணத்தில் அவனை, ஆட்கள் உட்காரும் வாங்குகள் இரண்டைச் சேர்த்துப் போட்டுப் படுக்க வைத்தார்கள். பிள்ளை பாவாடையை விரித்துச் சுற்றிச் சுற்றி ஆடினாள். படம் எடுக்கும்போது மட்டும் அவன் ஒரு நிமிஷம் எழுந்து நின்றான். அந்தப் படத்தில் மணமகளின் காலடியில் ஒரு சிறுமி குப்புறக் கிடப்பதைக் காணலாம். படுத்துப் படுத்து அவன் முதுகில் புண் வந்தது. ஒருமுறை, அதுவும் ஒரே முறை, "நான் மரத்திலயிருந்து விழுந்து போறது எல்லாருக்கும் லேசு," என்று சொன்னான். குசுமலதா அகப்பையால் சுவரில் அடித்தாள். "விழுந்தா நீ போயிருவாய். அதோட உன்ர நிதானமும் போயிட்டுதெண்டா? ஆருக்குத் தெரியும் அது மிஞ்சும் எண்டு?" சாவதற்குக்கூட அந்த வீட்டில் அவனுக்கு வழி வைக்கப்படவில்லை.

ஏழு வயதில் பள்ளிக்கூடம். டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் காது கேளாத பிள்ளைகளுக்கென்று ஒரு வகுப்பு இருந்தது. அது காலை ஏழரைக்குத் தொடங்கும், கள் இறக்கும் அதே நேரம். குசுமலதா ஒரு கிழமை யோசித்தாள். பிறகு சேலைக்கயிற்றை அவிழ்த்து அடுப்பில் போட்டாள். மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். சுவரைப் பிடித்து நடந்தால் யாரிடமிருந்தும் எதையும் எடுக்க வேண்டியதில்லை என்று அவள் கண்டுபிடித்திருந்தாள். மகளின் கையைச் சுவரில் வைத்து அழுத்தி, அதை எடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அடையாளமாகத் தன் கன்னத்தில் தானே ஓர் அறை விட்டாள். பிறகு வகுப்புக்கு வெளியே நடைபாதையில் உட்கார்ந்து காவல் இருந்தாள்.

அந்த வகுப்பில் ஏற்கெனவே ஏழு பிள்ளைகள். இரண்டு பேர் குரங்கு போல மதில் ஏறுவார்கள். மற்ற ஐந்து பேரும் சுவர்ப்பிள்ளைகள். தோளுயரத்தில் சுவரைச் சுற்றி ஒரு கறுத்த கோடு இருந்தது. வருஷக்கணக்காகக் கை உரசி வந்த கோடு. தரையில் நன்றாக நடப்பார்கள், மணலில் இறங்கினால் தள்ளாடுவார்கள், மழை இருட்டினால் இருந்த இடத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். முன்பு ஒருமுறை காலைப் பிரார்த்தனையில் எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னபோது, ஐந்து பேரும் வரிசையாக ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். அதிலிருந்து அந்த வகுப்பு மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு புத்தரை வணங்கலாம் என்று அதிபர் அனுமதி கொடுத்திருந்தார். வீட்டில் தகப்பனோடு பங்கு போடும் பிள்ளை இமேஷா மட்டும்தான். மற்றவர்களுக்குப் பங்கு போடவும் ஒன்றுமில்லை.

அங்கே ருவினி என்றொருத்தி இருந்தாள், பத்து வயது, முன்பல் இரண்டும் நீட்டு. கைப்பாஷையில் அவள்தான் வாயாடி. வந்த அன்றே இமேஷாவுக்குப் பெயர் வைத்தாள்: நிமிர்ந்த ஒரு விரல் சட்டென்று சாய்வது. ஆறு மாதத்தில் இமேஷாவின் கைகளில் பாஷை வந்தது. அதோடு வீட்டுக்கு வந்து தாயின் முன்னால் நின்று, அந்தக் கைகளால் முதலில் கேட்ட கேள்வி, ஏன் என்னைக் கட்டிவைத்தாய் என்பது. குசுமலதாவுக்குக் கைப்பாஷை தெரியாது. ஆனால் மகள் இடுப்பைச் சுற்றி விரலை ஓட்டிக் கட்டிலைக் காட்டியபோது புரிந்துவிட்டது. அடுத்த நாள் பள்ளிக்குப் போகாமல் மகளைத் தோப்புக்குத் தூக்கிக்கொண்டு போனாள். ஒன்பது மணி. மேலே பார் என்று முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள்.

தகப்பன் எங்கே போகிறான் என்று இமேஷா அதுவரை பார்த்ததில்லை. நாற்பதடி உயரத்தில், வெயிலுக்கு நடுவில், அவன் கயிற்றின் மேல் நடந்துகொண்டிருந்தான். அவள் வாய் திறந்தபடி பார்த்தாள். பிறகு குசுமலதா மகளை இடுப்பிலிருந்து இறக்கி, மணலில் நிறுத்தி, ஒரு கணம், ஒரே கணம், கையை எடுத்தாள். மேலே விஜேபால தடுமாறிக் குனிந்து கயிற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "ஆரடி அங்க விளையாடுறது?" என்று கத்தினான். பிள்ளை தாயைப் பார்த்தாள், மேலே பார்த்தாள். யாரும் சொல்லாமல் மணலில் படுத்துக்கொண்டாள். கையை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு, அசையாமல், அவன் கடைசி மரத்தில் இறங்கும் வரை கிடந்தாள்.

அதன்பிறகு அவள் பள்ளியிலும் எழுந்திருக்கவில்லை. சுவரைக்கூடப் பிடிக்க மறுத்தாள். டீச்சர் தூக்கி நிறுத்தினால் காலை மடக்கிக்கொண்டு தொங்கினாள். முன்பு சேலையால் கட்டிவைத்ததை இப்போது அவள் கட்டாமலே செய்துகொண்டாள். இதைக் கேட்டு விஜேபால ஒரு செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போகாமல் பள்ளிக்கூடத்துக்கு வந்து, வகுப்பு வாசலில் வாங்கின் மேல் நீட்டி நிமிர்ந்து படுத்தான். மகள் நடக்கட்டும் என்று. பிள்ளைகள் சுற்றி நின்று சிரித்தார்கள். இமேஷா தவழ்ந்து வந்து அவன் கையைப் பிடித்து இழுத்தாள், எழும்பு என்று. அவன் தலையாட்டினான், மாட்டேன் என்று. இவள் தரையில், அவன் வாங்கில். மணி அடிக்கும் வரை இருவரும் அப்படியே கிடந்தார்கள். அந்த வீட்டின் நிதானம் யாருக்கும் உதவாமல் சும்மா கிடந்தது. அன்று காலை, பதினைந்து வருஷமாக நேராக நடந்திராத குடிகாரச் சார்லிஸ், தவறணையிலிருந்து கடற்கரை வரை நூல் பிடித்த மாதிரி நடந்து போனதாகவும், பயந்துபோய் அன்று குடிக்கவே இல்லையென்றும் சொன்னார்கள்.

ருவினிக்குத்தான் பொறுக்கவில்லை. அவள் இமேஷாவின் முன்னால் குந்திக்கொண்டு, கோபமாக, கை வேகமாகப் பேசினாள். உன் அப்பாவுடையதை நீ ஏன் எடுக்கிறாய்? எனக்கு அப்பாவே இல்லை, நான் நடக்கவில்லையா? காதைக் கேட்காதே, அது செத்துப்போனது. அசையாத ஒன்றைப் பார். கால்விரலால் தரையைக் கடி. பார்த்துக்கொண்டே போ, கண்ணை எடுத்தால் செத்தாய். சொல்லிவிட்டு, கொடிக்கம்பத்தைப் பார்த்துக்கொண்டு முற்றத்தைக் குறுக்கே நடந்து காட்டினாள். நேராக வரவில்லை, வாத்து போல அகட்டி அகட்டி நடந்தாள். ஆனால் விழவில்லை. திரும்பி வந்து இமேஷாவின் பெயரை இன்னொரு தரம் காட்டி, சாய்ந்த விரலைத் தானே பிடித்து நிமிர்த்திவிட்டாள்.

இரண்டு வருஷம் எடுத்தது. தகப்பன் படுத்திருக்கும் பின்னேரங்களில் அல்ல; அப்போது நடப்பது திருட்டு நடை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவன் எழுந்து முற்றத்தில் நிற்கும்போதுதான் பழகினாள். அவனை நிற்கச் சொல்லிக் கையால் கட்டளை போட்டாள். அவன் நின்றான், அவள் விழுந்தாள். முழங்கால், முழங்கை, முகவாய் எல்லாம் தோலுரிந்தன. குசுமலதா டாக்டரின் கடைசி இரண்டு சொல்லையும் முணுமுணுத்துக்கொண்டு சமையலறையில் முதுகைக் காட்டி நின்றாள். விஜேபால தூக்க ஓடினால் பிள்ளை அவன் காலில் அடித்தாள். கடைசியில் ஒரு புதன்கிழமை காலை, அவன் இருபத்து மூன்றாம் மரத்திலிருந்து கயிற்றில் கால் வைக்கும்போது, கீழே தோப்பு வழியில் யாரோ கையை அகட்டிக்கொண்டு வருவதைக் கண்டான். மகள். முகத்தை நிமிர்த்தி, கண்ணை அவன்மேல் ஆணி அடித்த மாதிரி வைத்துக்கொண்டு நடந்துவந்தாள். அசையாத ஒன்றைப் பார் என்று ருவினி சொன்னதற்கு அவள் தேடிக்கொண்டது அவனைத்தான். அவன் தான் விழுவதற்காகக் காத்திருந்தான். விழவில்லை. ஒரு அடி வைத்தான். அவளும் வைத்தாள்.

"மெண்டிஸ், கீழ பார்! என்ர பிள்ளை நடக்குது!"

"நீயும் நடக்கிறாய்டா, விசரா, கயிறைப் பார்!"

அப்போது அவள் கண்ணைச் சிமிட்டினாள். கண் மூடிய அந்த நொடிக்கு அவளுக்கு வேறு வழியில்லை, தகப்பனிடமிருந்து எடுத்தாள். கயிறு அதிர்ந்தது, அவன் மேல்கயிற்றைப் பிடித்தான். கண் திறந்ததும் திருப்பிக் கொடுத்தாள். இதற்குமேல் அது திருந்தவில்லை. அவன் இரண்டு விரலால் தொட்டுக்கொண்டு நடந்த காலம் முடிந்தது; மற்றவர்களைப் போல இறுகப் பிடிக்கப் பழகினான். மகள் அவனுக்காக அரிதாகவும் சட்டென்றும் சிமிட்டப் பழகினாள். தும்மல் வந்தால் ஓடிப்போய்ச் சுவரைப் பிடித்தாள். மின்சாரம் போனால் அவன் எங்கிருந்தாலும் உட்கார்ந்துகொண்டான். பாய் மடித்து மூலையில் வைக்கப்பட்டது. அவன் பின்னேரங்களில் தவறணைக்குப் போனான். முதல்நாள் அங்கே எல்லோரும் எழுந்து நின்று அவனுக்கு இடம் கொடுத்தார்கள். நாற்காலியில் உட்கார்வது எப்படியென்று அவனுக்குக் கொஞ்சம் மறந்திருந்தது.

இமேஷாவுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. டவுனில் தையல் கடையில் வேலை செய்கிறாள். வாத்து நடைதான், மணலுக்கு இறங்குவதில்லை. தோப்பில் கயிறு அதிரும்போது கீழே போகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பதில்லை. போன வருஷம் ருவினி கல்யாணம் முடித்துக் குருணாகலுக்குப் போனாள். ரயில் புறப்பட்டபின் இமேஷா வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டு அழத் தொடங்கினாள். மறுநாள் காலையும் அழுகை ஓயவில்லை. விஜேபால பாளை சீவும் கத்தியைக் கூரை இறவாரத்தில் செருகிவிட்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்தான். சாராய ஆலையிலிருந்து வந்த மேற்பார்வையாளர் அபேரத்ன ஊருக்குப் புதியவர். விஜேபால ஏன் வரவில்லை என்று கேட்டார்.

"மகள் அழுகிறாள் சேர்," என்றான் மெண்டிஸ், கயிற்றிலிருந்தே.

அபேரத்ன மற்றச் சீவல்காரர்களைப் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. லீவுப் புத்தகத்தை மடியில் வைத்து, பெயருக்கு நேரே காரணம் என்ற இடத்தில் அதையே எழுதினார்.

"எத்தனை நாளைக்கு?"

"கூட்டாளி தூரத்துக்குப் போயிட்டாள். ரெண்டு நாள் போடுங்கோ."

அவர் இரண்டு நாள் போட்டார்.